நோட்டாமுக்குச் சட்டம் போட்டால் விமானி படித்துவிடுவாரா?

2023 ஜனவரியில் ஒரு காலை அமெரிக்கா முழுக்க விமானங்கள் கிளம்பாமல் நின்றன, விமானிகளுக்கு நோட்டாம் என்கிற பாதுகாப்பு அறிவிப்புகளை அனுப்பும் கம்ப்யூட்டரில் கோளாறு என்றார்கள், ஐந்து மாதத்தில் அதற்கென்று ஒரு சட்டமே வந்துவிட்டது. கம்ப்யூட்டர் கெட்டால் ஆளை விட்டுச் சரிசெய்வார்களா, பாராளுமன்றத்தைக் கூட்டுவார்களா என்பது உங்கள் கேள்வி. கூடவே, விமானிகள் அந்தப் பாதுகாப்பு அறிவிப்புகளைப் படிப்பதே இல்லையாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள், ஆனால் அவை இரண்டும் வேறு வேறு நோய். ஒன்று, குழாய் உடைந்து தண்ணீர் வராமல் போனது. இன்னொன்று, குழாய் நன்றாக இருந்தபோதும் அதில் வந்த தண்ணீர் குடிக்க லாயக்கில்லாமல் இருந்தது. அந்தச் சட்டம் முதல் நோயைக் காட்டி நிறைவேறியது, எழுதப்பட்டது என்னவோ இரண்டாவதற்காக. இது புரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். நான் ஃபிளைட் டிஸ்பாட்சராக, அதாவது விமானம் கிளம்பும் முன் பாதையும் எரிபொருளும் கணக்குப் போட்டுக் கொடுப்பவனாக, 21 வருடம் வேலை பார்த்தவன், அதில் பெரும்பகுதி ஒரு வளைகுடா நாட்டு விமான நிறுவனத்தில், அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களுக்கும் திட்டம் போட்டிருக்கிறேன். நான் விமானி இல்லை, வக்கீலும் இல்லை. அதனால் நோட்டாம் பற்றிச் சொல்வதை மேசையில் பார்த்ததாகவும், சட்டம் பற்றிச் சொல்வதைப் படித்துத் தெரிந்துகொண்டதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டாம் என்ற சொல் நம் ஊரில் பலருக்கும் பழக்கமானது ஏவுகணைச் சோதனைச் செய்திகளால்தான். 'வங்காள விரிகுடாவில் நோட்டாம்' என்று நாளிதழில் வந்ததும் என்ன விடப் போகிறார்கள் என்று ஆருடம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும்போதும் வரும். ஆனால் அது நோட்டாமின் கல்யாண அலங்காரம். அன்றாடக் கோலம் வேறு: இந்த ஓடுபாதை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை மூடல், அந்த டாக்ஸிவேயில் (விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் வழி) நடு விளக்கு எரியாது, தரையிறங்க உதவும் இந்தக் கருவி பழுது, விமான நிலையத்துக்குத் தெற்கே இத்தனை அடி உயரத்துக்கு ஒரு கிரேன் நிற்கிறது, புல் வெட்டுகிறார்கள், பறவை நடமாட்டம் உண்டு. அச்சிட்ட வரைபடத்திலும் கையேட்டிலும் இருப்பதற்கு மாறாக இன்றைக்கு என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் அதன் வேலை. கப்பல் மாலுமிகளுக்கு அறிவிப்பு கொடுக்கும் பழைய வழக்கத்தைப் பார்த்து வானத்துக்கும் அதே மாதிரி வைத்துக்கொண்டார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோவின் 15ஆவது இணைப்பு ஆவணத்தில் அதற்கான விதிகள் இருக்கின்றன. எந்த நாட்டு வானமோ அந்த நாட்டு அரசின் பெயரில் வெளிவரும்.

அதன் மொழியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது, ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. நோட்டாம் டெலிபிரிண்டர் காலத்துக் குழந்தை. அந்த இயந்திரத்தில் சின்ன எழுத்து கிடையாது, ஆகவே எல்லாம் பெரிய எழுத்து. கம்பியில் எழுத்துகள் மெதுவாகத்தான் போகும், அதனால் எல்லாம் சுருக்கம். நேரம் உள்ளூர் நேரமல்ல, உலகப் பொது நேரம், அதையும் வருடம், மாதம், நாள், மணி, நிமிடம் என்று இடைவெளியே இல்லாமல் பத்து இலக்கமாக ஒட்டி எழுதுவார்கள். 1707080600 என்று ஒன்றைப் பார்த்தால் என்ன தோன்றும், யாரோ ஒருவருடைய கைபேசி எண் மாதிரி இல்லையா? 2017 ஜூலை 8, காலை 6 மணி, உலக நேரம். சான் பிரான்சிஸ்கோவில் இருப்பவர் அதில் ஏழு மணி நேரத்தைக் கழித்து, ஓகோ, ஜூலை 7 இரவு 11 மணி என்று மனசுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும், தேதியும் மாறுகிறது பாருங்கள். இப்படி ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. மூன்று எழுத்து, ஐந்து எழுத்துக் குறியீடுகளோடு ஐம்பது அறுபது வரிசையாக வந்தால், அவற்றில் எது உயிர் சம்பந்தப்பட்டது, எது புல் வெட்டுகிற சமாச்சாரம் என்று கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஓடுபாதை மூடலும் பறவை நடமாட்டமும் அதே எழுத்தில், அதே அளவில், அதே தொனியில். நான் குறிப்பிட்ட அந்த 1707080600 கற்பனை இல்லை, கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

நீண்டதூர விமானம் ஒன்றுக்கு நாங்கள் தயாரித்துக் கொடுக்கும் காகிதக் கட்டில் கிளம்பும் இடம், சேரும் இடம், அங்கே இறங்க முடியாவிட்டால் போகவேண்டிய மாற்று விமான நிலையம், வழியில் அவசரத்துக்கு ஒதுங்க நாலைந்து இடங்கள், கடந்து போகிற ஒவ்வொரு நாட்டு வான்பகுதி என்று அத்தனைக்கும் நோட்டாம் சேரும். அமெரிக்காவுக்குப் போகும் விமானம் என்றால் கட்டு நூறு பக்கத்தைத் தாண்டுவது சாதாரணம். விமானிகளுக்கு அதைப் பார்க்கக் கிடைப்பது பதினைந்து, இருபது நிமிடம், அதற்குள் வானிலை, எரிபொருள், விமானத்தில் என்ன பழுது பாக்கி இருக்கிறது என்பதையும் பேசி முடிக்க வேண்டும். எங்கள் அறையில் தமிழ் பேசுகிறவர்கள் நாலு பேர் இருந்தோம், 'நோட்டாம் பார்த்தாச்சா?' என்று ஒருவர் கேட்டால் 'நோட்டம் விட்டாச்சு' என்பதுதான் பதில். சிரிப்புக்குச் சொன்னதுதான், ஆனால் நடப்பதும் அதுவே.

நானே மாட்டியிருக்கிறேன். ஒரு இரவு ஷிஃப்டில், மாற்று விமான நிலையமாகச் சின்ன ஊர் ஒன்றைப் போட்டு எரிபொருள் கணக்கும் முடித்து அனுப்பிவிட்டேன். அந்த ஊர் ஓடுபாதையில் இரவு நேர வேலை, ஐந்து மணி நேரம் மூடல் என்று ஒரு நோட்டாம் இருந்தது. அதே ஊருக்கு வந்திருந்த பதினேழு நோட்டாமில் அது பதினாலாவது, அதற்கு முன்னால் ஒரு மசூதி மினாரின் விளக்கு எரியவில்லை என்பது உட்பட எல்லாம் இருந்தன. கேப்டன் மதுரைக்காரர், வயதில் மூத்தவர், போனில் கூப்பிட்டு, "தம்பி, நீங்க குடுத்திருக்கிற ஆல்டர்னேட் ராத்திரி தூங்கப் போயிடுமாமே" என்றார். "சாரி சார், இதோ மாத்திடறேன்" என்று சொல்லி வேறு இடம் போட்டேன், தூரம் கூடியது, எரிபொருள் கூடியது, விமானம் இருபத்தைந்து நிமிடம் தாமதம். அவர் கோபப்படவில்லை. ஆனால் அவர் பிடித்ததும் முழுக்கப் படித்ததனால் இல்லை, அந்த ஊருக்கு முந்தின வாரம் போய் வந்ததனால், வேலை நடப்பதைக் கண்ணால் பார்த்திருந்தார். முறை காப்பாற்றவில்லை, அன்றைக்கு நேரம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

சரி, இப்போது சான் பிரான்சிஸ்கோ. 2017 ஜூலை 7, நள்ளிரவுக்கு நாலு நிமிடம் முன்பு. டொரன்டோவிலிருந்து 135 பயணிகள், 5 ஊழியர்களுடன் வந்த ஏர் கனடா 759, ஏர்பஸ் ஏ320. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள், 28 இடது, 28 வலது. இவர்களுக்கு வலதில் இறங்க அனுமதி. அன்றிரவு 11 மணியிலிருந்து இடது ஓடுபாதை கட்டுமான வேலைக்காக மூடப்பட்டு விளக்கு அணைந்து இருட்டாகக் கிடந்தது, அதைத்தான் மேலே சொன்ன பத்து இலக்கம் சொன்னது. விமானிகள் மனதில் 'இரண்டு ஓடுபாதை, நமக்கு வலது' என்ற படம். எரிந்துகொண்டிருந்த ஓடுபாதையை இடது என்று எடுத்துக்கொண்டு அதற்கு வலப்பக்கம் இருந்த டாக்ஸிவேயை ஓடுபாதை என்று நினைத்து இறங்க வந்தார்கள். அந்த டாக்ஸிவேயில் நாலு பெரிய விமானங்கள், எரிபொருள் நிரம்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு, கிளம்புவதற்காக வரிசையில் நின்றன. முதலில் நின்ற யுனைடெட் விமானத்தின் விமானி ரேடியோவில் இவன் எங்கே போகிறான், டாக்ஸிவே மேலே இருக்கிறான் என்று கத்தினார். ஏர் கனடா விமானிகளுக்கும் அந்த நொடியில் ஏதோ சரியில்லை என்று பட்டு மேலே ஏற்றினார்கள். ஏற்றும்போது விமானம் தரையிலிருந்து சுமார் 60 அடி உயரம் வரை வந்துவிட்டிருந்தது. இரண்டாவதாக நின்ற பிலிப்பைன் ஏர்லைன்ஸ் ஏ340க்கு மேலே அது 10 முதல் 20 அடி இடைவெளியில் கடந்தது என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி. கணக்கிட்டது. பத்து அடி என்றால் ஒரு வீட்டுத் தளத்தின் உயரம்.

ஓடுபாதை மூடல் தகவல் விமானிகளிடம் இருந்ததா என்றால், இருந்தது. 27 பக்கக் கட்டில் எட்டாவது பக்கத்தில் இருந்தது. பறக்கும்போது வாங்கிக்கொண்ட விமான நிலையத் தகவல் அறிக்கையிலும் இருந்தது. இறங்குகிற நேரத்தில் மனதில்தான் இல்லை. 2018 செப்டம்பரில் இதை விசாரித்த கூட்டத்தில் என்.டி.எஸ்.பி. தலைவராக இருந்த ராபர்ட் சம்வால்ட், தானும் முன்னாள் விமானி, இந்த நோட்டாம்கள் யாரும் கவனிக்காத வெறும் குப்பை என்று வாய்விட்டே சொன்னார். அரசாங்க வாரியத்தின் தலைவர் பொதுக்கூட்டத்தில் அப்படிச் சொன்னது எங்கள் தொழிலில் எல்லோர் வாயிலும் இன்னும் இருக்கிறது, நீங்கள் கேள்விப்பட்ட 'படிப்பதே இல்லை' என்ற பேச்சும் அங்கிருந்து கிளம்பியதாகத்தான் இருக்க வேண்டும். வாரியம் கோபத்தோடு நிற்கவில்லை, ஒரு பரிந்துரையும் கொடுத்தது: மனிதர்கள் தகவலை எப்படி உள்வாங்குகிறார்கள் என்று படித்த நிபுணர்கள் குழு ஒன்றை அமைத்து, விமானிகளுக்குத் தகவலை எப்படி வரிசைப்படுத்தி, எதை முன்னால் வைத்துக் காட்டுவது என்று நல்ல வழிமுறைகளை எழுதுங்கள் என்று. அதே விசாரணையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. விமானி அறைப் பேச்சைப் பதிவு செய்யும் கருவி இரண்டு மணி நேரம்தான் வைத்திருக்கும், விமானம் மறுநாள் மீண்டும் பறந்ததில் சம்பவத்தின் பதிவு அழிந்தே போனது. 25 மணி நேரப் பதிவு வேண்டும் என்பது 2024 சட்டத்தில்தான் வந்தது. நம் கதைக்கு அது கிளைக்கதை, விட்டுவிடுகிறேன்.

அந்தப் பரிந்துரையைத்தான் கலிஃபோர்னியாவின் மார்க் டிசால்னியர், மினசோட்டாவின் பீட் ஸ்டாபர் என்ற இரண்டு பிரதிநிதிகள், ஆளுக்கொரு கட்சி, மசோதாவாகக் கொண்டுவந்தார்கள். 2019இல் கீழவையில் நிறைவேறியது, மேலவையில் அப்படியே தூங்கியது. 2021இல் மறுபடி கொண்டுவந்தார்கள், கீழவை மறுபடி ஒப்புக்கொண்டது, மேலவை மறுபடி தூங்கியது. யாரும் எதிர்த்ததாகச் சொல்ல முடியாது, யாருக்கும் அவசரமில்லை, அவ்வளவுதான். ஆள் சாகாத விபத்துக்கு அரசியலில் எடை கிடையாது.

அப்புறம் 2023 ஜனவரி 10 அன்று குழாய் உடைந்தது. முதன்மைத் தகவல் தொகுப்பையும் அதன் மாற்றுப் பிரதியையும் ஒத்திசைக்கும் வேலையில் இருந்த ஒப்பந்த ஊழியர்கள் தவறுதலாகக் கோப்புகளை அழித்துவிட்டார்கள் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. பிறகு சொன்னது. இரவு முழுக்கத் தொலைபேசியில் சமாளித்தார்கள், காலையில் போக்குவரத்து கூடியதும் அது முடியாமல், ஜனவரி 11 காலை நாடு முழுக்கப் புறப்பாடுகளை ஒன்றரை மணி நேரம் போல நிறுத்தினார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு அப்படி நாடு தழுவி நிறுத்தியது அதுதான் முதல் தடவை. 10,000க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதம், 1,300க்கும் மேல் ரத்து. சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 25 அன்று, அதே ஸ்டாபர் மசோதா கீழவையில் 424க்கு 4 என்று நிறைவேறியது. இந்த முறை மேலவையும் விழித்துக்கொண்டது, ஜூன் 3 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்டார். நாலு வருடம் தூங்கிய ஒன்றை, அது எதற்காக எழுதப்பட்டதோ அதோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு கோளாறு தட்டி எழுப்பியது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, நல்ல காரியம் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதன் வழியாகத்தான் உள்ளே வர முடியும். கணினி முறையின் உறுதி, இணையப் பாதுகாப்பு என்று சில வரிகளைப் புதிதாகச் சேர்த்து நடப்புக்குப் பொருத்தமாக்கிக்கொண்டார்கள்.

சட்டம் செய்வது என்ன என்று பார்த்தால், எஃப்.ஏ.ஏ. ஒரு பணிக்குழு அமைக்க வேண்டும். அதில் விமான நிறுவனங்கள், விமான நிலையங்கள், விமானிகள் சங்கம், டிஸ்பாட்சர்கள், மனிதக் காரணி நிபுணர்கள், கணினி ஆட்கள் இருக்க வேண்டும். இப்போதைய முறை, விதிகள், சர்வதேசத் தரங்கள் எல்லாவற்றையும் அலசி, தகவலை வரிசைப்படுத்துவதற்கும் கணினியை உறுதியாக்குவதற்கும் பரிந்துரை கொடுக்க வேண்டும். டிஸ்பாட்சரை மறக்காமல் சேர்த்ததில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம், வழக்கமாக மறந்துவிடுவார்கள். ஆனால் கவனியுங்கள், இது 'ஆராய்ந்து சொல்லுங்கள்' என்கிற சட்டம். ஒரு நோட்டாமைக்கூட அது நேரடியாகக் குறைக்கவில்லை.

இது முதல் சட்டமும் இல்லை, அதைப் பலர் சொல்வதில்லை. 2010 அக்டோபரில் ஒக்லஹோமாவின் செனட்டர் ஜிம் இன்ஹோஃப், டெக்சஸில் போர்ட் இசபெல் அருகே ஒரு சின்ன விமான நிலையத்தில், பெரிய பெருக்கல் குறி போட்டு மூடியிருந்த ஓடுபாதையில், வேலை செய்துகொண்டிருந்த ஆட்களின் தலைக்கு மேலாகத் தன் சொந்த விமானத்தைக் கொண்டுபோய் இறக்கினார். மூடல் பற்றி நோட்டாம் இருந்தது, அவர் பார்க்கவில்லை. தன்னைப்போலச் சின்ன ஊர்களுக்கு அடிக்கடி பறக்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று பேசினார். எஃப்.ஏ.ஏ. அவரை மறுபயிற்சிக்குப் போகச் சொல்லி விட்டுவிட்டது. அவர் சும்மா இருக்கவில்லை, விமானிகள் உரிமைச் சட்டம் என்று ஒன்று எழுதி, 2012 ஆகஸ்டில் அது சட்டமாகிவிட்டது. தப்பு செய்தவரே சட்டம் எழுதியிருக்கிறாரே என்று அன்றைக்கு எங்கள் அறையில் பெரிய கேலி நடந்தது, நானும் சிரித்தேன். பிற்பாடு அதை எடுத்துப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் நோட்டாம் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது: விமானியைத் திணறடிக்கும் எண்ணிக்கையைக் குறையுங்கள், அவர் போகும் பாதைக்குச் சம்பந்தமுள்ளதைக் கொடுங்கள், தேடும்படி கொடுங்கள், ராணுவத்தின் நோட்டாம் தளத்தில் இருப்பது போல வடிகட்டும் வசதி வையுங்கள். கெட்ட நோக்கத்தில் பிறந்ததா நல்ல நோக்கத்தில் பிறந்ததா என்பது வேறு, நோயைச் சரியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஆனால் அது வந்து ஐந்து வருடம் கழித்துத்தான் சான் பிரான்சிஸ்கோ நடந்தது. ஆகவே சட்டம் போட்டால் சரியாகிவிடுமா என்ற உங்கள் கேள்விக்கு அந்த 2012 சட்டமே ஒரு பதில்.

ஏன் சரியாகவில்லை? இங்கே என் கருத்தைச் சொல்கிறேன். குப்பை சேர்வதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, பயம். அமெரிக்க விதிகளில் 91.103 என்று ஒன்று, கிளம்பும் முன் அந்தப் பயணம் தொடர்பாகக் கிடைக்கக்கூடிய எல்லாத் தகவலையும் விமானி தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறது. 'எல்லா' என்ற அந்த ஒரு சொல்தான் வம்பு. விமான நிலைய மேலாளர் இடத்திலிருந்து யோசியுங்கள்: பறவை நடமாட்டம் பற்றி நோட்டாம் போட்டுவிட்டால், நாளைக்கு இன்ஜினில் பறவை அடித்தால் 'நான் சொன்னேனே' என்று சொல்லலாம். போடாவிட்டால் மாட்டிக்கொள்வார். போடுவதற்குச் செலவு இல்லை, போடாததற்கு ஆபத்து உண்டு. அதிகமாகப் போட்டதற்காக இதுவரை யாரும் மெமோ வாங்கியதை நான் பார்த்ததில்லை. எழுதுகிற எல்லோரும் இப்படித் தங்கள் பாரத்தை இறக்கி வைத்துக்கொண்டே போனால், மொத்த மூட்டையும் கடைசியில் கேப்டனின் தலையில்தான் வந்து நிற்கும். அந்தப் பறவை நோட்டாமைப் படித்துவிட்டு விமானி என்னதான் செய்வார், பறவைகளைக் கேட்டு நேரம் வாங்குவாரா?

அதனால்தான் எனக்கு 2018இன் எஃப்.ஏ.ஏ. சட்டத்தில் வந்த ஒரு சின்னப் பிரிவு மற்ற எல்லாவற்றையும்விடப் பிடிக்கும், அதுவும் இன்ஹோஃபின் தொடர் முயற்சிதான். எல்லா நோட்டாமும் பொதுவில் ஒரே தொகுப்பில் இருக்க வேண்டும், அந்தத் தொகுப்பில் இல்லாத, விமானிக்கு நியாயமாக எட்டாத நோட்டாமை மீறினார் என்று அவர் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது, தேசப் பாதுகாப்பு மட்டும் விதிவிலக்கு என்கிறது அது. நான் வக்கீல் இல்லை என்று முன்பே சொன்னேன், நீதிமன்றத்தில் அது எப்படி வளையும் என்று நான் பேசப் போவதில்லை. ஆனால் எழுதுகிறவர் பக்கமும் கொஞ்சம் பாரம் ஏற்றலாம் என்று முதல் தடவையாகச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. அதையே இன்னும் ஒரு அடி நகர்த்தி, இந்த நோட்டாமைப் படித்த விமானி எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்று எழுதியவரால் ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் அதை வெளியிடவே கூடாது என்று வைத்தால், பாதிக் கட்டு மெலிந்துவிடும் என்பது என் ஊகம். அனுபவத்தில் சொல்கிறேன், அளந்து பார்த்துச் சொல்லவில்லை.

இன்னொரு எல்லையும் உண்டு, வாஷிங்டனில் எவ்வளவு நல்ல சட்டம் வந்தாலும் அது அமெரிக்க நோட்டாமுக்குத்தான். என் நூறு பக்கக் கட்டில் பத்துப் பன்னிரண்டு நாடுகளின் நோட்டாம் இருக்கும். உலகளவில் ஐக்காவோ விதி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, ஒரு நோட்டாம் மூன்று மாதத்துக்கு மேல் ஓடக் கூடாது, அதற்கு மேல் நீடிக்கும் விஷயம் நிரந்தரக் கையேட்டுக்குப் போய்விட வேண்டும். 2021இல் ஐக்காவோ இதைச் சரிசெய்ய ஓர் இயக்கம் தொடங்கியபோது சொன்ன கணக்கு, உலகில் எந்த நாளிலும் சுமார் 35,000 நோட்டாம் நடப்பில் இருக்கின்றன, அதில் ஐந்தில் ஒரு பங்கு மூன்று மாதத்தைத் தாண்டியவை. கவனியுங்கள், விதி இருந்தும். எங்கள் ஷிஃப்டில் ஒரு கிரேன் நோட்டாம் இருந்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது எண்ணில் பிறந்து பிறந்து வரும், அந்தக் கிரேன் கட்டிய கட்டடத்தில் ஆள் குடியேறியே இருப்பார்கள் என்று பேசிக்கொள்வோம்.

நீளம் மட்டும்தான் பிரச்சினை என்றும் நினைத்துவிடக் கூடாது. 2014 ஜூலையில் கிழக்கு உக்ரைன் வான்பகுதியை 32,000 அடி வரை மூடி ஒரு நோட்டாம் வந்தது. ஏன் மூடுகிறோம் என்று அதில் பொருளுள்ள ஒரு வார்த்தை இல்லை. ஜூலை 17 அன்று மலேசியா ஏர்லைன்ஸ் எம்.எச்.17 விதிப்படி 33,000 அடியில் போய்க்கொண்டிருந்தது, 298 பேர் இறந்தார்கள். அந்த நோட்டாம்களில் மூடலுக்கான காரணம் சொல்லப்படவில்லை என்பதை டச்சுப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில் எடுத்துக் காட்டியது. ஓர் அரசாங்கம் தன் வானத்தில் என்ன ஏவுகணை திரிகிறது என்று தானாக எழுதிக் கொடுக்காது, அதை எந்த எழுத்துரு மாற்றமும் சரிசெய்யாது, இன்னொரு நாட்டுப் பாராளுமன்றமும் சரிசெய்யாது. இதைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆட்கள் யாரும் குப்பை என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

எது நிச்சயம், எது சந்தேகம் என்று கேட்டால்: வடிவம் மோசம், எண்ணிக்கை அதிகம், பழைய கணினி பலவீனம், இந்த மூன்றிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. வடிவத்தைத் திருத்தியிருந்தால் ஏர் கனடா 759 டாக்ஸிவே பக்கம் போயிருக்காது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கேப்டன் 19 மணி நேரத்துக்கும் மேல் விழித்திருந்தார், அவர் உடம்புக்கு அது அதிகாலை மூன்று மணி. ஓடுபாதைக்கு நேராக வழிகாட்டும் கருவியின் அலைவரிசையைக் கையால் போட வேண்டியிருந்த தரையிறங்கும் முறை அது, அந்தப் படி தவறிப்போனது. எட்டாம் பக்கத்தில் இருந்ததை முதல் பக்கத்தில் சிவப்பில் போட்டிருந்தாலும், நாலைந்து மணி நேரம் கழித்து இருட்டில் அது நினைவுக்கு வந்திருக்குமா? வந்திருக்க வாய்ப்பு கூடியிருக்கும் என்பதுவரைதான் நேர்மையாகச் சொல்லலாம்.

வடிகட்டும் மென்பொருள் பற்றியும் எனக்குக் கால் மனசுதான். இப்போது பல நிறுவனங்கள் டேப்லெட்டில் நோட்டாமைத் தரம்பிரித்து, முக்கியமானதை மேலே காட்டி, மற்றதை மடித்து வைக்கின்றன, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மடித்து வைத்ததில் ஒன்று கடித்தால் பொறுப்பு யாருடையது? 'எல்லாத் தகவலும்' என்ற சொல் விதியில் இருக்கும்வரை கேப்டனுடையது. அதனால் கவனமான விமானி மடித்ததையும் பிரித்துப் படிப்பார், நோட்டம் விடுகிறவர் மேலே இருப்பதையும் நோட்டம்தான் விடுவார். குழாயைப் பொறுத்தவரை வேலை நகர்ந்திருக்கிறது. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் பழைய முறை மறுபடி சில மணி நேரம் படுத்துவிட, அதே வருடம் புதிய முறை முதல்கட்டப் பயனாளர்களுக்குத் திறக்கப்பட்டது. இதற்கு நடுவில் பெயர் விஷயத்தில் நடந்தது தனிக் கூத்து: நோட்டாமின் விரிவாக்கம் 'நோட்டீஸ் டு ஏர்மென்', 2021 டிசம்பரில் 'ஏர்மென்' என்பதில் ஆண் வாடை இருக்கிறது என்று அதை 'ஏர் மிஷன்ஸ்' என்று மாற்றினார்கள், 2025 பிப்ரவரியில் பழையபடி 'ஏர்மென்' ஆக்கினார்கள். சுருக்கப் பெயர் இரண்டு தடவையும் அதேதான், கட்டில் ஒரு பக்கமும் குறையவில்லை.

கடைசியாக, சாதாரண ஆள் இதைப் பார்க்க முடியுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தாராளமாக. எஃப்.ஏ.ஏ.வின் நோட்டாம் தேடல் பக்கம் எல்லோருக்கும் திறந்தது, இந்திய விமான நிலையங்களும் அதில் கிடைக்கும், நான்கெழுத்துக் குறியீடுதான் தேவை: சென்னைக்கு VOMM, திருச்சிக்கு VOTR, கோவைக்கு VOCB, மதுரைக்கு VOMD. முதலில் B, C என்று குறித்திருக்கும் இரண்டு பத்து இலக்க எண்களைப் பாருங்கள், தொடக்கமும் முடிவும், ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். அடுத்து E என்ற பகுதியைப் படியுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கும். ஒரு ஊருக்கு வந்ததை மொத்தமாக எடுத்துவைத்துக்கொண்டு, கையில் கடிகாரம் வைத்து, எந்த ஓடுபாதை எப்போது மூடல் என்று கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பறவை பற்றி ஒன்று நிச்சயம் தென்படும், அதை எனக்கும் அனுப்பி வையுங்கள்.